பழைய கார் இழிவன்று

காலை எட்டரை மணிக்கு நம் ஊர்ச் சாலையோரம் சற்றே நின்று பார்த்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். ஓர் இருசக்கர வாகனம், ஓட்டுபவர் தந்தை, பெட்ரோல் தொட்டியின்மேல் மூத்த குழந்தை, பின்னால் தாய், அவர் மடியில் கைக்குழந்தை, இருபுறமும் தொங்கும் பள்ளிப் பைகள். ஓட்டுபவரைத் தவிர ஒருவரை மட்டுமே ஏற்றலாம் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மழைநாளில் ஒரு லாரியின் பக்கத்தில் அந்த வண்டி வழுக்கினால் என்ன ஆகும் என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அவ்வாறு செல்லும் தந்தை ஒருவரிடம், "இப்போதைக்கு இரண்டு இலட்சத்துக்குள் ஒரு பழைய கார் வாங்கிக்கொள்ளலாமே" என்றோம். அவர் சிரித்தார். "வாங்கினால் புதிதாகத்தான் வாங்கணும் சாமி. பழைய வண்டியில் போய் இறங்கினால் மாமனார் வீட்டில் என்ன நினைப்பார்கள்?" என்றார். மூன்று ஆண்டுகளாக அவர் புதிய காருக்குப் பணம் சேர்க்கிறார். அதே மூன்று ஆண்டுகளாகக் குழந்தை தொட்டியின்மேல் அமர்ந்து செல்கிறது. மாமனார் வீட்டு மதிப்பையும் மகனின் மண்டையையும் ஒரே தராசில் வைத்து, மதிப்பின் பக்கம் தட்டைத் தாழ்த்திய இந்தப் பதிலே நம்மை எழுதத் தூண்டியது.

அந்த நண்பரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கார் என்பது நம் சமுதாயத்தில் போக்குவரத்துக் கருவியாக இல்லாமல், வாசலில் நிறுத்தப்படும் விளம்பரப் பலகையாகிவிட்டது. திருமணப் பேச்சில் மாப்பிள்ளைக்கு எந்தக் கார் என்று கேட்கும் நாம், பழைய காரில் வந்து இறங்குபவரைப் பார்த்துப் புருவம் உயர்த்தும் நாம், இக்குற்றத்தில் பங்காளிகளே. அந்தத் தந்தையின் தயக்கம் நம் பார்வையில் விளைந்தது.

"தவணையில் கட்டினால் தெரியவா போகிறது?" என்பது அடுத்த வாதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு இலட்சம் கடன், ஆண்டுக்கு ஒன்பதரை விழுக்காடு வட்டி, ஏழு ஆண்டுத் தவணை என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 9,800 ரூபாய். முடிவில் கட்டிய தொகை 8 இலட்சத்து 23 ஆயிரத்தைத் தாண்டும். அதாவது வட்டி மட்டும் இரண்டேகால் இலட்சத்தை நெருங்குகிறது. அந்த வட்டிப் பணத்துக்கே ஒரு பழைய கார் வந்திருக்கும்! இதற்கிடையில் வண்டியின் மதிப்போ நாளுக்கு நாள் தேய்கிறது. காப்பீட்டுத் துறையின் தேய்மான அட்டவணைப்படி ஆறு மாதம் கடந்த வண்டிக்கு 15 விழுக்காடும், நான்கு ஆண்டைக் கடந்ததற்கு 50 விழுக்காடும் கழிக்கப்படுகின்றன. ஐந்தாம் ஆண்டில் பாதி மதிப்புள்ள பொருளுக்கு இன்னும் இரண்டு ஆண்டுத் தவணை பாக்கி நிற்கும்.

மாறாக, இரண்டு இலட்சத்துக்கு ஒரு பழைய காரை வாங்கி, நாற்பதாயிரம் செலவழித்துச் சீர்செய்து, மூன்று ஆண்டு ஓட்டி, ஒரு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். இழப்பு ஒரு இலட்சம்; மாதத்துக்கு 2,800 ரூபாய்க்கும் குறைவு. இடையில் ஒருமுறை கிளட்ச் போனாலும், ஒருமுறை ரேடியேட்டர் கசிந்தாலும், தவணைக்காரரின் சுமையில் பாதியைக்கூட இது எட்டாது.

"2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டதே, இனிப் பழையது எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. கையில் பணம் உள்ளவர் வாங்கட்டும், நமக்குத் தடையில்லை. ஆனால் புதியதன் விலை குறையும்போது பழையதன் விலையும் இறங்கியாக வேண்டும். பேரம் பேச நமக்குக் கிடைத்த வாய்ப்பு அது. கடன் வாங்குவதற்கான அழைப்பு அன்று.

எதிர்வாதங்களுள் ஒன்றை மட்டும் நாம் தலைவணங்கி ஏற்கிறோம். பாதுகாப்பில் பழையது புதியதற்கு நிகராகாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். தடுப்பு முறை 2019 ஏப்ரல் முதல்தான் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயிற்று. ஓட்டுபவருக்கும் அருகில் அமர்பவருக்கும் காற்றுப்பை கட்டாயமானது 2021 இறுதியில். ஆகவே இரண்டு இலட்சத்துக்குள் கிடைக்கும் காரில் இவை இல்லாதிருக்கலாம். சிலவற்றின் உயர்ந்த வகைகளில் அப்போதே இருந்தன. தேடிப் பிடித்தால் நன்று. கிடைக்காவிட்டால், நாம் ஒப்பிட வேண்டியது புதிய காரோடு அன்று. நால்வரைச் சுமக்கும் இருசக்கர வாகனத்தோடு. பின்னிருக்கைப் பட்டையையும் அணிந்து, இரவு நெடும்பயணத்தைத் தவிர்த்து, வேகத்தை அடக்கி ஓட்டப்படும் பழைய கார், பெட்ரோல் தொட்டியின்மேல் அமர்ந்த குழந்தைக்கு ஒரு கோட்டையே.

இனி, எதை வாங்குவது? இடைக்காலத்துக்கு வாங்குபவர் அழகைத் தேடக் கூடாது. உதிரிப் பாகத்தைத் தேட வேண்டும். மாருதி ஆல்டோ, வேகன் ஆர் போன்றவற்றை எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் உண்டு. அவை விற்பனைக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஷெவர்லே கார்கள் 2017 இறுதியோடு இந்தியச் சந்தையிலிருந்து விலகின. ஃபோர்டு நிறுவனம் 2021இல் தன் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. இவற்றின் கார்கள் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல வண்டிகளே எனினும், ஒரு சிறு பாகத்துக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை இடைக்காலக் குடும்பத்துக்கு இராது. டீசலும் வேண்டாம். பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் ஓடும் வண்டிக்குப் பெட்ரோலே பொருத்தம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் கார்களின் புகை வடிகட்டி, இத்தகைய குறுகிய ஓட்டத்தில் கரியடைத்துத் தொல்லை தரும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. காசு கொடுத்து வாங்கும் மாட்டையோ பல், சுழி, நடை என்று அத்தனையும் பார்த்த பிறகே நம் முன்னோர் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசினர். அந்தப் பொறுமை நமக்கு எங்கே போயிற்று? பளபளப்பாகத் துடைத்து நிறுத்திய வண்டியைப் பத்து நிமிடத்தில் முடிவு செய்து முன்பணம் கொடுக்கிறோமே!

விடியற்காலையில், எந்திரம் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். முன்னதாகவே சூடேற்றி வைத்திருந்தால் ஐயம் கொள்ளுங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும்; விடாத வெண்புகையும், எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பால் கலந்தாற்போன்ற படிவும், குளிர்விக்கும் நீர் உள்ளே கலந்திருக்கக்கூடும் என்பதைக் காட்டும். மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று சொல்லும்போது மிதிகளின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், பொய் சொல்வது ரப்பராக இருக்க முடியாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 எனில், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது.

வெள்ளம் கண்ட வண்டியை முக்கியமாகக் கவனியுங்கள். 2015ஆம் ஆண்டிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. துடைத்து, நறுமணம் தெளித்து வேற்றூரில் விற்றுவிட்டால் யாருக்குத் தெரியும்? இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்; சேற்றுக் கோடு அங்கே ஒளிந்திருக்கும். தரைவிரிப்பின் அடியில் கைவையுங்கள். இருக்கையின் கீழ்த் தண்டவாளத்தில் துரு தேடுங்கள். நமக்கு நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்வது வீண்செலவு ஆகாது. ஆனையை வாங்கப் போகிறவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?

தாள்களிலும் கண் வேண்டும். தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600இலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. ஆகவே மூன்று ஆண்டுத் தேவைக்கு வாங்குபவர் பத்து, பதினோரு வயதைத் தாண்டாத வண்டியைப் பார்ப்பது நல்லது. கடன் பாக்கி இருந்தால் வங்கியின் விடுப்புச் சான்றும் 35ஆம் படிவமும் கையில் வந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் படிவங்கள். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். "மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்ட விற்பனையாளர்கள், வண்டி யார் கையிலோ விபத்துக்குள்ளானபோது இழப்பீட்டுக்குப் பொறுப்பாளியாகி நின்றதுண்டு. பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது.

இதுவரை வாங்குபவருக்குச் சொன்னோம். விற்பவருக்குச் சொல்ல வேண்டியதே நம் நெஞ்சில் கனமாக இருக்கிறது. பழைய கார் என்றாலே நம் மக்கள் அஞ்சுவதற்குக் கௌரவம் மட்டும் காரணமன்று; ஏமாற்றப்படுவோம் என்ற அச்சமும் காரணம். அந்த அச்சத்தை விதைத்தவர்கள் யார்? தரகர்கள் மட்டுமா? நாமும்தானே!

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், விற்பவர் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவரா என்ற வினாவை எழுப்புகிறார். நொண்டிக் குதிரையை வேகமான குதிரையென விற்பது குற்றம் என்பதே அவர் முடிவு. ஒற்றைக் கண் குதிரை போல வெளிப்படையாகத் தெரியும் குறையைச் சொல்லாவிட்டாலும், அதற்கேற்ப விலையைக் குறைத்தாக வேண்டும் என்கிறார். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவிலும் ஒரு குதிரை நிற்கிறது. நோயுள்ள குதிரை என அறிந்தும் ஏலத்தில் ஒருவர் வாய் திறவாமல் விற்றால், அது மோசடியாகாது என்கிறது அச்சட்டத்தின் எடுத்துக்காட்டு. ஆனால் வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாகவே கொள்வேன்" என்று கேட்டபின் மௌனம் காத்தால், அம்மௌனமே பேச்சாகிவிடும். ஆகவே வாங்குவோரே, சாட்சியை வைத்துக்கொண்டு நேராகக் கேளுங்கள்: வெள்ளம் புகுந்ததா? விபத்து நேர்ந்ததா? எந்திரம் பிரிக்கப்பட்டதா?

இடைக்காலத்துக்கு வாங்கியவர் ஒருநாள் விற்பவராக மாறியே தீர வேண்டும். அதற்கான நாளை இன்றே நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். இல்லையேல் புதிய சக்கரம், புதிய பாட்டுப் பெட்டி என்று தற்காலிகம் நிரந்தரமாகிவிடும். ஆண்டுதோறும் எண்ணெய் மாற்றிய, பழுது பார்த்த பட்டறைச் சீட்டுகளை ஓர் உறையில் பத்திரப்படுத்துங்கள். விற்கும்போது அந்த உறையையும் சேர்த்துக் கொடுங்கள். சீட்டில் இல்லாத குறையை வாயால் சொல்லுங்கள். ஐந்தாயிரம் குறையலாம், குறையட்டும்.

மேற்சொன்ன சட்டப் பிரிவில் இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. குதிரையை வாங்குபவர் விற்பவரின் மகளாக இருந்து, அப்போதுதான் வயதுக்கு வந்தவராகவும் இருந்தால், குறையைச் சொல்வது விற்பவரின் கடமை. அங்கே மௌனம் மன்னிக்கப்படாது. உறவு என்று வந்தால் சட்டமே வாய் திறக்கச் சொல்கிறது. நம் பழைய காரை வாங்க வருபவரும் ஒருவருடைய மகள். அவருடைய பிள்ளையும் இன்று காலை ஒரு பெட்ரோல் தொட்டியின்மேல் அமர்ந்தே பள்ளிக்குச் சென்றிருக்கும்.