கொடுத்தவர் பெயரும் தீட்டியவர் பெயரும்

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் 2015-ம் வருஷம் ஆரம்பித்த விழாவில், சபாக்களுக்குள்ளேயே அடைபட்டிருந்த கர்நாடக சங்கீதம் மீனவர் தெருவில் பாடப்பட்டது. இதைக் கலைத்தானம் என்று பேசும் கனவான்களைக் கண்டால் நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது. தானம் என்று எவராவது சொன்னால், கொடுத்தவருக்கு அது எப்படி வந்ததென்று கேட்பது நமது வழக்கமல்லவா?

அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜான் கிளூகி, ஆஸ்திரேலிய ஆதிக்குடிகளின் சித்திரங்களை விலைக்கு வாங்கிச் சேர்த்தார். ரூ என்ற பேராசிரியர் சேர்த்தவற்றையும் 1993-ல் வாங்கினார். 1997-ல் எல்லாவற்றையும் வர்ஜீனியா சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார். பெட்டியில் பூட்டாமல் பொதுமக்கள் பார்க்கக் கொடுத்தது நல்ல காரியமே, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சிசாலையின் பெயர் "கிளூகி-ரூ". வாங்கிய இருவர் பெயரும் வாசலில் இருக்கிறது. தீட்டியவர்கள் பெயரை உள்ளே போய்த்தான் படிக்க வேண்டும். நம் நாட்டுக் கோவில்களில் மானியம் விட்ட அரசன் பெயர் கல்லில் இருக்கிறது. அந்தக் கல்லைச் சுமந்தவன் பிள்ளையோ வெகுகாலம் வாசலுக்கு வெளியே நின்றான். அந்த ஆதிக்குடிகளையும் ஜனத்தொகையில் சேர்க்கக் கூடாதென்று 1967 வரை அந்நாட்டு அரசியல் சட்டமே சொல்லிற்று!

பணக் கணக்கையும் பார்ப்போம். கிளிபர்டு போஸம் என்ற ஆதிக்குடி ஓவியர் 1977-ல் தீட்டிய ஒரு சித்திரம் முதலில் 1,200 டாலருக்குப் போயிற்று. 2007-ல் அதுவே 24 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதற்கு 5 வருஷம் முன்பே அவர் இறந்துவிட்டார்.

"விற்ற பொருளுக்கு மறுபடியும் பங்கா? கரையில் ஏலம் போன வஞ்சிரத்துக்குக் கடைக்காரன் லாபத்தில் செம்படவன் பங்கு கேட்கிறானா?" என்பார்கள். கேட்டால்தான் என்ன? அது நிற்க. மீனை ஒருமுறை தின்றால் தீர்ந்தது. சித்திரமோ கைமாறக் கைமாற விலை ஏறுகிறது. ஏறுவதும் தீட்டியவன் பெயரால்தான். ஆகவேதான் ஆஸ்திரேலியாவில் 2010 முதல், 1,000 டாலரும் அதற்கு மேலும் போகும் மறுவிற்பனையில் ஓவியருக்கு 5 சதவீதம் என்று சட்டம் வந்தது.

நமது நாட்டிலும் பதிப்புரிமைச் சட்டத்தின் 53-ஏ பிரிவு, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூலச் சித்திரத்தில் ஓவியருக்குப் பங்குண்டு என்கிறது. 1994-ல் சேர்த்த பிரிவு இது. படம் எழுதும் நமது தோழர்களில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? இனியாவது படத்தை விற்கும்போது, வாங்குகிறவர் பெயர், விலாசம், விலை மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கி ஒரு நகலைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.