பாதி வசனமும் முழு விசுவாசமும்

தமிழ்க் கிறிஸ்தவர்கள் எந்த மாநிலத்தில் குடியேறினாலும் கூடவே எடுத்துச் செல்லும் வழக்கங்களில் ஒன்று, புத்தாண்டு வாக்குத்தத்தம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில், வேதவசனம் அச்சிட்ட சிறு அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வார்கள். கைக்கு வந்த வசனமே அந்த ஆண்டுக்குக் கடவுள் தனக்குத் தந்த வாக்கு என்பது நம்பிக்கை.

இந்த அட்டைகளில் அடிக்கடி இடம்பெறுவது எரேமியா 29-ம் அதிகாரத்தின் 11-ம் வசனம். மக்களைக் குறித்துக் கடவுள் நினைப்பது கேடு அல்ல, நன்மையே. அவர்கள் காத்திருக்கும் முடிவு கைகூடும் என்பது அதன் கருத்து.

வேலை நிரந்தரம் ஆகாத ஒரு குமாஸ்தாவின் கையில் இது கிடைத்தால், இந்த ஆண்டு ஆர்டர் வந்துவிடும் என்று எண்ணுகிறார். கடனில் இருப்பவர் கடன் தீரும் என்று எண்ணி, இன்னும் கொஞ்சம் கடன் வாங்குகிறார். ஆண்டு முடிகிறது, எதுவும் நடக்கவில்லை. அப்போது அவருக்குக் கிடைக்கும் பதில் என்ன? "உமக்கு விசுவாசம் போதவில்லை" என்பதுதான். பாடுபட்டவர் தலையிலேயே பழியும் ஏறுகிறது.

உண்மையில் குறை அவருடைய விசுவாசத்தில் இல்லை. வசனத்தை வாசித்த விதத்தில் இருக்கிறது.

எரேமியாவின் கடிதம்

அந்த வசனம் தனியாக நிற்கும் வாக்கியம் அல்ல. அது ஒரு கடிதத்தின் நடுப்பகுதி. கி.மு. 597-ல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். அரசனையும் பிரபுக்களையும் மட்டுமல்ல, தச்சர்களையும் கொல்லர்களையும்கூடச் சிறைப்பிடித்துப் போனான். எருசலேமிலேயே இருந்த தீர்க்கதரிசி எரேமியா, அப்படிப் போனவர்களுக்கு எழுதி அனுப்பியதே அந்தக் கடிதம்.

எரேமியாவுக்கு எதிராக அனனியா என்று ஒருவன் கிளம்பினான். எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எடுத்து உடைத்தான். பாபிலோனின் நுகம் இரண்டே ஆண்டில் இப்படி உடையும், போனவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்றான். கேட்டவர்களுக்கு இனித்திருக்கும். எரேமியாவும், அப்படியே ஆகட்டும் என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் பிறகு, கடவுள் அனுப்பாமலே பேசி மக்களைப் பொய்யை நம்பச் செய்தவன் என்று அவனைக் கண்டித்தார்.

கடிதத்தில் எரேமியா எழுதியது வேறு. வீடு கட்டிக் குடியிருக்கச் சொன்னார். தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடச் சொன்னார். பிள்ளைகளுக்கு மணம் முடித்துப் பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னார். தங்களைச் சிறைப்பிடித்தவர்களின் நகரத்துக்காகவே ஜெபிக்கச் சொன்னார். அந்த நகரம் நன்றாக இருந்தால்தான் அவர்களும் நன்றாக இருக்க முடியும் என்றார். பாபிலோனுக்கு எழுபது ஆண்டு நிறைவான பிறகே கடவுள் அவர்களைத் திரும்ப அழைப்பார் என்றும் எழுதினார்.

எழுபது ஆண்டைச் சொல்வது 10-ம் வசனம். அட்டையில் ஏறுவது அதற்கு அடுத்த வசனம். கோரேஸ் மன்னன் பாபிலோனைக் கைப்பற்றியது கி.மு. 539-ல். அதற்குப் பிறகுதான் திரும்பும் வழி திறந்தது. கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் அதற்குள் அந்நிய மண்ணில் அடங்கியிருப்பார்கள். ஆனாலும் வாக்கு பொய்க்கவில்லை; அது அவர்கள் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது.

"உங்கள்" என்பது யார்?

தமிழில் படிப்பவர்களுக்கு இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் மரியாதைக்காக ஒருவரையே "நீங்கள்" என்கிறோம். ஆகவே அட்டையில் "உங்கள்" என்று கண்டதும், அது தன் ஒருவரைக் குறிப்பதாக எண்ணிக்கொள்கிறோம். ஆனால் தமிழ் வேதாகமத்தில் கடவுள் தனி ஆளிடம் பேசும்போது "நீ" என்றுதான் பேசுகிறார். ஆபிரகாமும் "நீ", மோசேயும் "நீ". எரேமியாவின் கடிதத்தில் வரும் "உங்கள்", சிறைப்பட்டுப் போன சமூகம் முழுவதையும் குறிப்பது. ஊருக்கே வந்த கடிதத்தை ஒருவர் மட்டும் தன் பெயருக்கு வந்த மணியார்டராக எண்ணிக்கொள்ளலாமா?

வசனத்தைப் பிய்த்து எடுப்பதில் ஆபத்து உண்டு என்பதை வேதமே காட்டுகிறது. மத்தேயு 4-ம் அதிகாரத்தில், தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்படி இயேசுவிடம் சொல்லும் சாத்தான், தேவதூதர்கள் தாங்குவார்கள் என்று 91-ம் சங்கீதத்தையே ஆதாரம் காட்டுகிறான். கடவுளைச் சோதிக்கலாகாது என்ற உபாகமத்தின் கட்டளையைச் சொல்லி இயேசு மறுக்கிறார். சாத்தான் எடுத்ததும் வேதவசனம்தான். அதை மற்றொரு வசனத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான், கடவுளை நம்புவது வேறு, சோதிப்பது வேறு என்பது விளங்குகிறது.

எளியவர்களுக்கு ஆறுதல் வேண்டாமா?

இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு ஆராய்ச்சி எதற்கு, ஒரு வரி ஆறுதல் போதாதா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே துன்பத்தைத் தாங்கியவர்கள் உண்டு. அவர்களைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் முழுக் கடிதம் தரும் ஆறுதல், அந்த ஒரு வரி தருவதைவிடப் பெரியது. ஒரு வரி, இந்த ஆண்டே கிடைக்கும் என்ற எண்ணத்தைத் தருகிறது. கடிதமோ, கிடைக்காத ஆண்டிலும் கடவுள் கைவிடவில்லை என்கிறது. அந்த அதிகாரத்தில் இருப்பவை 32 வசனங்கள். வேலைக்குப் போகும் ரயில் நான்கைந்து ஸ்டேஷனைக் கடப்பதற்குள் படித்து முடித்துவிடலாம்.

பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்தவர்கள் சிறைக்கைதிகள் அல்ல. ஆனாலும் அந்தக் கடிதம் அவர்களுக்குப் புரியாத பாஷை அல்ல. "இன்னும் இரண்டே வருஷம், பிறகு ஊருக்குப் போய்விடலாம்" என்று சொல்லிச் சொல்லியே இருபது வருஷத்தைக் கழித்த குடும்பங்கள் எத்தனை! ஊருக்குத்தான் போகப்போகிறோமே என்று ரேஷன் கார்டு வாங்காமல், அந்த மாநிலத்து மொழியைப் படிக்காமல், பிள்ளைகளின் படிப்பிலும் ஒரு முடிவுக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். அது அனனியாவின் கணக்கு. இருக்கும் இடத்தில் வீட்டை நிலைநிறுத்தி, பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வாழ்ந்து, அந்த ஊர் நன்றாக இருக்க ஜெபித்துக்கொண்டே காத்திருப்பது எரேமியா காட்டிய விசுவாசம்.

ஆகவே, வாக்குத்தத்த அட்டை எடுப்பதை விட வேண்டியதில்லை. எடுத்தவர்கள் வீட்டுக்கு வந்ததும் வேதாகமத்தைத் திறந்து, அந்த வசனம் வரும் அதிகாரம் முழுவதையும் குடும்பத்தோடு வாசிக்கட்டும். யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னது என்று கேட்கட்டும். போதகர்களும் அட்டையைக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், அதைச் சொல்லிக்கொடுக்கட்டும். அப்படிச் செய்தால், டிசம்பர் மாதம் வரும்போது யாரும் தன் விசுவாசத்தைக் குறித்து வெட்கப்பட வேண்டியிருக்காது.