லீவா... ஹாலிடேயா?



பலத்த மழை என்று பள்ளிக்கு விடுமுறை விட்டால், 'டுடே ஸ்கூல் லீவ்' என்று துள்ளிக் குதிக்கிறோம். ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வதில்லை. பள்ளியே மூடியிருந்தால், அது 'ஹாலிடே!' காய்ச்சல் என்று கடிதம் எழுதி, அனுமதி வாங்கி, வீட்டில் இருந்தால்தான் 'லீவ்!' அந்தச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில், 'அனுமதி' என்றே பொருள். 'ஹாலிடே' பிறந்தது, 'ஹோலி டே' என்பதிலிருந்து. அதாவது, புனித நாள். நீண்ட விடுமுறையை அமெரிக்கர்கள், 'வெகேஷன்' என்கின்றனர்.

இந்த விடுமுறையில், உங்கள் தம்பி, தங்கைக்கு இப்படி நான்கு சொற்கள் சொல்லிக் கொடுங்களேன்! 'மனப்பாடம் செய்' என்று அதட்ட வேண்டாம். பாட்டி ஊருக்குத் துணி அடுக்கும்போது, 'பேக்கிங்!' ரயில் கிளம்பும்போது, 'ஜர்னி!' கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கும்போது, 'சீ ஷெல்!' கையால் தொட்டு, கண்ணால் பார்த்துக் கற்ற சொல் சீக்கிரம் மறக்காது.

ஒன்று மட்டும் முக்கியம். அவர்கள் தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். ஒருமுறை சிரித்துவிட்டால், அடுத்த முறை அந்தப் பிள்ளை வாயையே திறக்காது. ஆங்கிலம் தெரியாததால் அல்ல. கேலிக்குப் பயந்துதான், பலர் பேசாமல் இருக்கின்றனர்.

நாமும்தான் இத்தனை நாள், 'டுடே லீவ்' என்று சொல்லிக் கொண்டிருந்தோம். யாராவது சிரித்தார்களா, என்ன?

அன்புடன்,
ஆசிரியர்