முற்றத்து விண்மீன் சாயாதிருக்க

திருவருகைக் காலம் தொடங்கியதும் நம் முற்றங்களில் மூங்கிற்கம்பு எழும். அதன் உச்சியில் பிள்ளைகள் ஒட்டிய காகித விண்மீன் ஒளிரும். ஆயின் அதுவே வடகிழக்குப் பருவமழையின் காலமுமாகும். 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியதை நாம் மறந்திலோம். புயலில் சாய்வது வேறு. மாலைக்காற்றுக்கே சாய்வது நம் கவனக்குறைவு.

கம்பின் நீளத்தில் கால் பங்கு மண்ணுக்குள் இருக்கட்டும். 12 அடிக் கம்புக்கு 3 அடிக் குழி வேண்டும். செங்கல் துண்டும் மண்ணுமாக அடுக்கடுக்காய் இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்குவோம். மழையில் மண் இளகுமாதலால், மூன்று திசைகளிலும் கயிறு இழுத்துக் கட்டுவோம். முளையின் தலை கம்பை விட்டு வெளிப்புறம் சாய்ந்திருந்தால் கயிறு அதனை எளிதில் பிடுங்காது. சிறுவர் தடுக்கி விழாதிருக்கக் கயிற்றில் வெள்ளைத் துணி முடிவோம்.

கம்பு விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடத்திலேயே நடுவோம். நனைந்த மூங்கிலில் மின்சாரம் பாயும். புயல் எச்சரிக்கை வந்தால் விண்மீனை முன்னரே இறக்கிவிடுவோம்.

ஞானியருக்கு வழிகாட்டிய விண்மீனின் நினைவாக நாம் ஏற்றுவது, அயலார் பிள்ளையின் தலைமேல் விழலாகாது. ஆண்டவர் உரைத்த உவமையில் மழையும் காற்றும் இரு வீடுகளையும் மோதின, வேறுபட்டது அடித்தளமே. இவ்வாண்டு குழி தோண்டுகையில் தந்தையர் பிள்ளைகளையும் அருகழைத்து, ஆழம் அளக்கச் சொல்வார்களாக. குடும்ப செபத்தின் பயனையும் அவர்கள் அவ்வாறே உணர்வர்.