மெலிவதற்குப் பொடியா, விளையாட்டுத் திடலா?

அரசியல் வார இதழொன்று மாணவரின் உடல் நிறையைப் பற்றி எழுதப் புகுவதைக் கண்டு சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நிலத்தைப் பற்றியும் மொழியைப் பற்றியும் நாம் வாரந்தோறும் எழுதுகின்றோம். அந்த நிலத்தை உழப்போகின்றவனும் அந்த மொழியிற் கற்பிக்கப்போகின்றவளும் முப்பத்தைந்து வயதில் மாத்திரைப் பையோடு வைத்தியசாலை வரிசையில் நிற்பார்களானால், நாம் எழுதியவற்றால் யாருக்கு என்ன பயன்?

தம்பலகாமத்து வயற்காரரின் மகளை எண்ணிப் பாருங்கள். வீட்டில் இருந்த காலத்தில் தண்ணீர் அள்ளினாள், மாட்டை அவிழ்த்துக் கட்டினாள், வரம்பில் நடந்தாள். உடற்பயிற்சி என்ற சொல்லை அவள் அறியவில்லை. அறிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பின்னர் நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் அமைந்துள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துக்குத் தெரிவாகின்றாள். ஊரே மகிழ்கின்றது. அன்று தொடங்குகின்றது இருக்கை வாழ்வு. விரிவுரை மண்டபத்தில் இருக்கை, நூலகத்தில் இருக்கை, விடுதியிற் கைத்தொலைபேசியோடு இருக்கை. வயலில் உழைத்தபோது உண்ட அதே அளவு சோறு மட்டும் மாறவில்லை. அதனோடு இரவில் ஒரு கொத்துரொட்டியும் சேர்ந்துகொள்கின்றது. ஈராண்டில் சட்டை இறுகுகின்றது. இதிலே வியப்பதற்கு என்ன இருக்கின்றது?

இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பெற்ற தேசிய ஆய்வு, வளர்ந்தோரில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்னிலையோ இருந்ததாகக் கண்டது. தெற்காசிய உடல் வயிற்றிலே கொழுப்பைச் சேர்ப்பதில் முந்துவது. ஐரோப்பியர் எட்டும் நிறைக்கு முன்னரே நமக்கு நோய் தொடங்குவது. ஆதலால் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ஆம் ஆண்டில் ஆசிய மக்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்றது. பொதுவாக உலகோர் கொண்டுள்ள எல்லை 25. எளிதாகச் சொல்வதானால், 160 சென்ரிமீற்றர் உயரமுடைய ஒருவர் 64 கிலோவை எட்டும்வரை காத்திராமல், 59 கிலோவிலேயே விழித்துக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு மாணவியும் தராசைத் தேடி ஓட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மெலிய வேண்டிய தேவையே இல்லாத பெண்பிள்ளைகள் பலர், கலியாண வீட்டில் எவளோ ஒரு பெரியம்மா சொன்ன ஒற்றைச் சொல்லுக்காகப் பட்டினி கிடக்கின்றனர். "என்ன பிள்ளை, கொழுத்துவிட்டாய்!" என்று வாயிலிலேயே வரவேற்கும் அந்தப் பழக்கம் நம் சமூகத்தின் நாகரிகத்துக்குப் பெருமை சேர்ப்பதன்று. நிறை கூடியிருக்கின்றதா என்பதை அளவு சொல்ல வேண்டும். அயலவர் சொல்லத் தேவையில்லை. ஐயமிருப்பின் வைத்தியரிடம் ஒருமுறை காட்டிக்கொள்வதே முறை.

பட்டினிக்கு அடுத்தபடி பொடி. வெந்நீரிற் கலக்கிக் குடித்தால் ஒரு மாதத்திற் பத்துக் கிலோ குறையும் என்று கைத்தொலைபேசித் திரையில் விளம்பரம் வருகின்றது. வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோவரை குறைவதே உடலுக்கு ஏற்றது என வைத்திய உலகு சொல்லிக்கொண்டிருக்க, இவர்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த மந்திரம்? ஒரு மந்திரத்தின் பெயர் நமக்குத் தெரியும். சிபுற்றமின் என்னும் மருந்து, இருதயத்துக்குக் கேடு என்று 2010ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. அதன் பின்னரும் "மூலிகை" எனப் பெயரிட்ட மெலிவுப் பொதிகளில் அது ஒளிந்திருப்பதைப் பல நாட்டு அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்துள்ளனர். நம் நாட்டிற் சட்டம் இல்லாமல் இல்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் பதிவின்றி மருந்து விற்பதைத் தடுக்கின்றது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோரை ஏமாற்றும் கூற்றுகளைத் தடுக்கின்றது. ஆனால் விற்பவனுக்குப் பெயருமில்லை, கடையுமில்லை. ஒரு தொலைபேசி இலக்கம் மட்டுமே உண்டு. அழைப்பாணையை எந்த விலாசத்துக்கு அனுப்புவது? வழக்குக்காகக் காத்திருப்பதைக் காட்டிலும் வாங்காதிருப்பதே சிறந்த பரிகாரம்.

அப்படியானால் வழி யாது? மனம் விரும்பிச் செய்யும் வழியே வழி என்பது நமது கருத்து. கருத்து மட்டுமன்று, சான்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் றிச்சாட் றையனும் அவருடைய கூட்டாளிகளும் 1997ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு சாரார் தைக்குவொண்டோ என்னும் கொரிய மற்கலை பயில வந்தவர். மறு சாரார் இசைக்கேற்ற உடற்பயிற்சி வகுப்புக்கு வந்தவர். ஏன் வந்தீர்கள் என்று கேட்டபோது, முன்னவர் பெரும்பாலும் மகிழ்ச்சிக்கும் திறமை வளர்வதற்கும் என்றனர். பின்னவரிடத்தில் உடல் தோற்றத்தைத் திருத்தும் நோக்கம் மேலோங்கியிருந்தது. நாள் செல்லச் செல்ல யார் தொடர்ந்து வந்தனர்? மகிழ்ச்சிக்காக வந்தவரே. மெலிய வேண்டும் என்று ஓடுகின்றவன் மழை பெய்தால் நின்றுவிடுவான். பந்தின்மேல் ஆசை கொண்டு ஓடுகின்றவன் மழையிலும் ஓடுவான்.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவுரையின்படி, வளர்ந்த ஒருவருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடலுழைப்பு வேண்டும். நாளுக்கு அரைமணி என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து நாளிற் கணக்குத் தீர்ந்துவிடும். அந்த அரைமணியை இனிதாகக் கழிப்பதற்குத் திருகோணமலையைப் போல இன்னோர் ஊர் இத்தீவில் உண்டோ?

மாலையிற் பிரெட்றிக் கோட்டை வாயிலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறிப் பாருங்கள். இருமருங்கும் மான்கள் மேயும். ஏற ஏற மூச்சு வாங்கும். உச்சியிற் கடற்காற்று அதற்குக் கூலி கொடுக்கும். பக்தியுள்ளவர்க்குப் பக்தியும் ஆயிற்று, இல்லாதவர்க்கு நடையும் ஆயிற்று. 2009ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கிண்ணியாப் பாலம் ஏறக்குறைய 400 மீற்றர் நீளமுடையது. மூன்றுமுறை போய்வந்தால் அரைமணி நடை முடிந்துவிடும். விடுமுறை நாளிற் கன்னியா வெந்நீரூற்றுகளுக்கு நாலுபேர் கூடிச் சைக்கிளிற் போகலாம். 2022ஆம் ஆண்டிற் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது, மூலையிற் கிடந்த சைக்கிள்களை நாம் அனைவரும் தூசு தட்டி எடுத்தோம். அரச அலுவலரும் ஆசிரியரும் கூச்சமின்றி மிதித்தனர். பெற்றோல் வந்தது, சைக்கிள் மீண்டும் மூலைக்குப் போயிற்று. ஒரு நாட்டின் வறுமை நமக்குக் கற்பித்த ஒரே நல்ல பழக்கத்தையும் இவ்வளவு விரைவில் மறந்துவிட்டோம். 1956ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் திருமலையில் நடந்த தமிழரசுக் கட்சி மாநாட்டுக்குத் தொண்டர்கள் ஊர் ஊராகக் கால்நடையாகவே வந்து சேர்ந்தனர். இன்று எக்கட்சித் தொண்டரும் அடுத்த சந்திக்குப் போக வாகனம் கேட்கின்றார். போகட்டும்.

நடப்பதில் விருப்பமில்லாதவர்க்கு விளையாட்டு. கரப்பந்து 1991ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டின் தேசிய விளையாட்டு. கடற்கரை மணலில் ஒரு வலையைக் கட்டினாற் போதும். அதுவும் செலவென்றால் கிளித்தட்டு. மணலிற் கோடு கிழிக்கக் காலும், மறித்து நிற்க நாலுபேரும் இருந்தாற் போதுமான விளையாட்டு அது. நின்று, பாய்ந்து, வளைந்து, மீண்டும் நின்று ஓடும் அந்த ஓட்டத்தை இன்று மேனாட்டார் புதுப் பெயரிட்டுக் கட்டணம் வாங்கிக் கற்பிக்கின்றனர்! நம் பாட்டிமார் நிலவொளியிற் காசின்றி ஆடினர். கும்மியும் கோலாட்டமும் கூத்தும் தெரிந்த மாணவியர் விடுதி முற்றத்தில் அரைமணி ஆடினால் அதுவும் உழைப்பே. நிறை மிகுந்தவர்க்கு நீச்சல் நன்று. நீர் உடலைத் தாங்குவதால் முழங்கால் நோகாது.

உழைப்பு மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நூறு மில்லிலீற்றருக்குப் பத்துக் கிராம் சீனியுடைய மென்பானத்தில் 400 மில்லிலீற்றர் குடித்தால் 40 கிராம் சீனி உள்ளே போகின்றது. அதன் 160 கலோரியை எரிக்க அரைமணிக்கு மேல் விரைந்து நடக்க வேண்டும். போத்தலின் மேலே சிவப்பு, மஞ்சள், பச்சை எனச் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி 2016ஆம் ஆண்டிலிருந்து சட்டத்தால் இடப்படுகின்றது. அதைப் பார்த்து வாங்குவோர் எத்தனை பேர்? தேநீரும் அப்படியே. இரண்டு கரண்டிச் சீனியோடு நாளுக்கு மூன்று தேநீர் குடிப்பவர், உலக சுகாதார நிறுவனம் 2015இல் விரும்பத்தக்கதெனக் குறித்த எல்லையை, நாளுக்கு ஏறக்குறைய 25 கிராம் என்பதை, தேநீரிலேயே எட்டிவிடுகின்றார். சிறு பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிக்கும் நம் முன்னோர் வழக்கம் நாவுக்கும் குறை வைக்கவில்லை. சிவப்பரிசிச் சோற்றைச் சற்றுக் குறைத்து, வல்லாரையும் பொன்னாங்காணியும் சிறுமீனும் பருப்பும் கூட்டி நாலு மாணவர் சேர்ந்து சமைத்தால் அந்தச் சமையலே ஒரு விளையாட்டு. திருக்குறளிலே மருந்து என்ற அதிகாரம் மருந்தின் பெயரைச் சொல்லாமல் உண்ணும் அளவையும் பசியையும் பற்றியே பெரிதும் பேசுவதை நினைவிற் கொள்க.

இவ்வளவும் இருந்தும் மாணவர் ஏன் செய்வதில்லை? ஆண்பிள்ளைகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் சோம்பல் என்றே சொல்வோம். பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை அப்படிச் சொல்வது அநீதி. அவர்களுக்கு இடமில்லை என்பதே உண்மை. கடற்கரையில் ஒரு மாணவி ஓடினால் நாலு மோட்டார் சைக்கிள்கள் மெதுவாகின்றன; நாலு வாய்கள் திறக்கின்றன. மறுநாள் அவள் விடுதி அறையை விட்டு வெளியே வருவதில்லை. ஆறு மணிக்கு வீதி இருள்கின்றது. மைதானம் உண்டெனில் அதனை மாலை முழுவதும் ஆண்கள் துடுப்பாட்டத்துக்குப் பிடித்துக்கொள்கின்றனர். கடலோரத்திற் பிறந்து வளர்ந்தும் நீந்தத் தெரியாத பெண்கள் இம்மாவட்டத்தில் எத்தனையோ பேர். இவ்வாறு ஓட விடாமலும் நீந்த விடாமலும் வைத்துக்கொண்டு, பின்னர் "கொழுத்துவிட்டாய்" என்று குறை கூறுவது எந்த ஊர் நியாயம்?

திறமை இல்லாத இனமா நாம்? 1954ஆம் ஆண்டில் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971ஆம் ஆண்டில் ஆழிக்குமரன் ஆனந்தன் அதனைப் போகவும் வரவும் நீந்தினார். 1958ஆம் ஆண்டில் ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்ந்து இந்நாட்டுக்கு முதலாவது தங்கத்தைக் கொணர்ந்தவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணக் கிராமத்துப் பெண்ணாகிய தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தில் உலகறிய விளையாடி, 2018ஆம் ஆண்டில் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் நின்றார். இவர்களைப் போல எல்லோரும் வீரராக வேண்டியதில்லை. தர்ஜினி எறிந்த பந்தை எறிந்து பார்க்க ஒரு மாணவிக்கு மாலையில் ஒரு மணி நேரம் வேண்டும், அவ்வளவே.

அந்த ஒரு மணியைத் தருவது யாருடைய கடமை? மைதானத்தில் வாரத்தில் மூன்று மாலைகளைப் பெண்களுக்கென ஒதுக்குவதற்கு வளாக நிருவாகத்துக்குப் பணம் வேண்டியதில்லை. ஓர் அறிவித்தல் போதும். வீதி விளக்கும் கடற்கரையும் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள்: பொதுச் சுகாதாரமும் பொது வீதிகளும் மக்களின் வசதியும் நலனும் சபையின் கடமை என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்கின்றது. குப்பை அள்ளுவதோடு கடமை தீர்ந்தது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. வீதியிற் பெண்களைத் தொந்தரவு செய்வது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் சொல்லால் துன்புறுத்துவதும் அதிலடங்கும். பொலிசார் இரண்டு மாலை அந்தக் கடற்கரையில் நின்றால் மோட்டார் சைக்கிள்கள் தாமாகவே விரையும்.

நமது உழவர் பெருமக்களிடமும் ஒன்று கேட்போம். பிள்ளைக்கு வளாகம் கிடைத்த மகிழ்ச்சியில் நெல் விற்ற காசைக் கொடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்காதீர்கள். சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுங்கள். மகளுக்கும் வாங்கிக் கொடுங்கள். லண்டனில் 1953ஆம் ஆண்டில் வைத்தியர் ஜெரமி மொறிஸ் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுவதும் அமர்ந்து பஸ் ஓட்டிய சாரதிகளைக் காட்டிலும், இரட்டைத்தட்டு பஸ்ஸில் ஏறியிறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவாக இருந்தது. வயலில் நிற்கும் உங்களை நோய் அணுகத் தயங்குவதும், நாற்காலியில் அமர்ந்த உங்கள் பிள்ளையை அது தேடி வருவதும் அதே காரணத்தால்தான்.

வாடைக்காற்று ஓய்ந்து சித்திரை பிறந்தால் கிழக்குக் கடல் அமைதியடையும். புரட்டாதிவரை அந்த அமைதி நீடிக்கும். அடுத்த சித்திரைக்கு முன்னர் உப்புவெளிக் கடற்கரையில் எல்லை காட்டும் கயிறும் மிதவையும், உயிர்காப்போர் இருவரும், மாணவியருக்கென ஒதுக்கிய காலை நேரமும், நீச்சல் கற்பிக்கும் பெண் பயிற்றுநர் ஒருவரும் வேண்டும். இதற்கான மனுவை எழுதித் தரும் பணியைத் திருமலைச் சட்டத்தரணிகள் கட்டணமின்றி ஏற்க வேண்டும் என அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். கையொப்பம் திரட்டும் பணி மாணவருடையது. மாசி முடிவதற்குள் மனு சபையின் மேசைக்குப் போய்ச் சேரட்டும்.