வெள்ளிக்கிழமை வானம் - 9: அஸ்தியும் ராக்கெட்டும்

இந்த வாரம் கொஞ்சம் சாவு வாசனை அடிக்கிற பதிவு. ராத்திரி படுக்கப் போற நேரத்துல படிக்கிறவங்க மன்னிச்சுக்குங்க :-)

தகனம் பண்ணின சாம்பல்ல ஒரு சிட்டிகை எடுத்து விண்வெளிக்கு அனுப்புறதை ஒரு தொழிலாவே செய்றாங்க மக்களே. ஹூஸ்டனில் இருக்கும் செலஸ்டிஸ் என்ற நிறுவனம் 1997 ஏப்ரல் 21-ல் ஆரம்பிச்சு வச்சது. 24 பேரோட சாம்பல், ஆளுக்கு ஏழு கிராம், லிப்ஸ்டிக் அளவு குழாய்களில். கேனரி தீவுகள் பக்கம் பறந்த ஒரு விமானத்திலிருந்து கிளம்பிய பெகாசஸ் ராக்கெட் அதைச் சுற்றுப்பாதையில் விட்டது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியும் அதில் ஒரு பயணி.

சுற்றுப்பாதைன்னதும் என்றென்றும் சுத்திக்கிட்டே இருக்கும்னு நினைச்சுடாதீங்க. அவ்வளவு உயரத்திலும் துளியூண்டு காற்று இருக்கு. அது உரசி உரசி வேகத்தைக் குறைச்சு, கடைசியில் கீழே இழுத்துடும். அந்த 24 பேரும் 2002 மே மாசம் வளிமண்டலத்தில் நுழைஞ்சு எரிஞ்சு போனாங்க. ஏற்கெனவே எரிச்ச சாம்பலுக்கு இன்னொரு தகனம்!

அதே தொடரில் 'ஸ்காட்டி'யாக வந்த நடிகர் ஜேம்ஸ் டூஹன் கதை இன்னும் விசேஷம். 2007-ல் நியூ மெக்ஸிகோவிலிருந்து சில நிமிஷம் மேலே போய் மலைக்காட்டில் விழுந்தார், தேடிக் கண்டுபிடிக்க வாரக்கணக்காச்சு. 2008-ல் ஏறின ஃபால்கன் 1 ராக்கெட் பாதியிலேயே காலி. 2012 மே மாசம் ஃபால்கன் 9 மூலமா ஒருவழியா சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தார். சுமார் ஒரே மாசத்தில் அதுவும் எரிஞ்சு முடிஞ்சது.

இதையெல்லாம் ஃபோன்ல சொன்னப்ப எங்கம்மா ஒரே வரியில முடிச்சுட்டாங்க: "கரைக்கிறதுக்குத்தானேடா அஸ்தி? எரிஞ்சு போச்சுன்னா நல்லதுதானே!" யோசிச்சுப் பாத்தா சரிதான். பவானி கூடுதுறையிலயும் ராமேஸ்வரத்திலயும் நாம செய்றதும் அதானே. ஆள் போனதுக்கு ஒரு அடையாளமும் மிச்சம் வைக்காம தண்ணியில விட்டுடுறோம். அவங்க காத்துல விடுறாங்க.

கரையாத கேஸ் ரெண்டு இருக்கு. ரெண்டுமே நான் இருக்குற அரிசோனாவோட சம்பந்தப்பட்டது. கிராண்ட் கேன்யன் போற நம்ம பசங்க காப்பிக்கு வண்டியை நிறுத்துற ஃப்ளாக்ஸ்டாஃப் ஊர்தான். அங்கே குன்று மேல இருக்கும் லோவெல் வானாய்வகத்தில்தான் 1930-ல் க்ளைட் டாம்பா புளூட்டோவைக் கண்டுபிடிச்சார். அப்போ அவருக்கு 24 வயசு, கன்சாஸ் விவசாயி வீட்டுப் பையன். (நம்ம வயசுல புளூட்டோ! நாம அசைன்மென்ட் முடிக்கவே திணர்றோம்.) 1997-ல் காலமானார். 2006-ல் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தில் அவரோட சாம்பல் ஒரு அவுன்ஸ் போச்சு. 2015 ஜூலை 14-ல் புளூட்டோவைத் தாண்டி, இப்ப சூரிய மண்டலத்தை விட்டு வெளியே போற பாதையில இருக்கு. திரும்பி வராது.

ரெண்டாமவர் யூஜீன் ஷூமேக்கர். ஃப்ளாக்ஸ்டாஃபுக்குக் கிழக்கே முக்கால் மணி நேரத்தில் வரும் அந்தப் பெரிய பள்ளம், விண்கல் மோதி உண்டானதுன்னு நிரூபிச்சவர். அப்போலோ வீரர்களுக்கு அந்தப் பள்ளத்துக்குள்ள கூட்டிப்போய்ப் பாடம் எடுத்தார். நிலவுக்குத் தானே போகணும்னு ஆசை. அடிசன்ஸ் நோய் இருந்ததால முடியல. 1997-ல் ஆஸ்திரேலியாவில் கார் விபத்தில் இறந்தார். அடுத்த வருஷமே லூனார் ப்ராஸ்பெக்டரில் அவர் சாம்பலை வச்சு அனுப்பினாங்க. 1999 ஜூலை 31-ல், தண்ணி இருக்கான்னு பாக்க அந்தக் கலத்தை வேணும்னே நிலவின் தென்துருவம் பக்கம் மோத விட்டாங்க. தண்ணி தென்படல. ஷூமேக்கர் அங்கேயே தங்கிட்டார்.

கேக்க அழகாத்தான் இருக்கு. ஆனா ஃப்ளாக்ஸ்டாஃபுக்கு வடக்கும் கிழக்கும் நவஹோ மக்களோட நிலம் விரிஞ்சு கிடக்கு. அவங்களுக்கு நிலா புனிதம். 1998-லேயே அவங்க தலைவர் ஆல்பர்ட் ஹேல் கடுமையா எதிர்ப்புத் தெரிவிச்சார். நாசா மன்னிப்புக் கேட்டு, இனிமே இப்படி ஏதாவது செய்றதா இருந்தா கலந்து பேசுறோம்னு சொன்னது. 2023 டிசம்பரில் தனியார் கலம் பெரெக்ரின் மனிதச் சாம்பலோட நிலவுக்குக் கிளம்பத் தயாரானப்ப, அப்போதைய தலைவர் பூ நைகிரன் அந்தப் பழைய வாக்கை நினைவுபடுத்திக் கடிதம் எழுதினார். தனியார் சரக்கு எங்க கட்டுப்பாட்டில் இல்லைன்னு பதில். இத்தனைக்கும் அந்தக் கலத்துல நாசாவோட கருவிகளும் காசு கொடுத்துப் போச்சு. 2024 ஜனவரி 8-ல் ஏவினாங்க. எரிபொருள் கசிஞ்சு, நிலவுல இறங்காமலே ஜனவரி 18-ல் பசிபிக் மேல வந்து எரிஞ்சது.

ஷூமேக்கர் வாழ்நாளெல்லாம் நிலவுக்காக உழைச்சவர், அவரை விடலாமே, மத்தவங்க காசு கட்டிப் போறவங்கதானேன்னு முதல்ல எனக்கும் தோணுச்சு. (2024 நிலவுப் பயணத்துக்குக் கட்டணம் சுமார் 13,000 டாலரில் ஆரம்பம்.) ஆனா யார் போறாங்கங்கறது இங்க கேள்வியே இல்ல. ஊர்ல குடிதண்ணிக் குளத்துல எவ்வளவு பெரிய மனுஷன் அஸ்தியையும் கரைக்க விடமாட்டோம். அதுக்குன்னு துறை தனியா இருக்கு. அந்தக் குளத்தைக் குடிக்காதவன் வந்து 'இது வெறும் தண்ணிதானே'ன்னா ஒத்துக்குவோமா?

1967 விண்வெளி ஒப்பந்தப்படி நிலா எந்த நாட்டுக்கும் சொந்தமில்ல. யாருக்கும் சொந்தமில்லாததால யாரையும் கேக்கவேண்டாம்னு இவங்க எடுத்துக்கறாங்க. எல்லாரும் அண்ணாந்து பாக்குற பொருளாச்சே, எல்லாரையும் கேக்கணும்னுதான் எனக்குப் படுது. சுத்திட்டு வந்து எரியிறதா? தாராளமா போகட்டும், அது நம்ம வழக்கம் மாதிரிதான். நிலவுல நிரந்தரமா வைக்கிறதுன்னா, முதல்ல நவஹோக்காரங்ககிட்ட உக்காந்து பேசட்டும். 1998-ல் கொடுத்த வாக்கு அது.

நீங்க என்ன சொல்றீங்க? பின்னூட்டத்துல திட்டுறதா இருந்தாலும் சரி, வாங்க.