அடியார் துணை வேண்டல்

தேர்வு நெருங்க நெருங்க மாணவர் விடுதியிற் பத்தி பெருகுதல் யாவரும் அறிந்ததொன்று. கோயில் மணி கேட்டும் போர்வையை விட்டு நீங்காதார், அத்திங்களில் மணிக்கு முன்னரே எழுந்து முழந்தாளிடக் காண்கின்றோம். எம்மோடு ஓரறையில் உறையும் நண்பனொருவன் கடற்கரையூரினன். கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்தவன். சென்ற ஆண்டுத் தேர்வுக்காலத்தே அவன் தன் மேசைமேல் நூல்களுக்கு நடுவே சிறியதொரு படத்தை நிறுத்தி வைத்தான். "இவர் யார்?" என வினவினோம். "கூப்பர்த்தீனோ ஊர்ப் புனித சூசை, தேர்வெழுதுவோர்க்குப் பாதுகாவலர்" என விடையிறுத்தான்.

அப்புனிதர் வரலாற்றையும் அவனே கூறினான். 1603-இல் இத்தாலி நாட்டிற் பிறந்த அவர் கல்வியில் மிக மெலிந்தவர். உடன் பயின்றோர் நகைத்தற்கு ஆளானவர். திருத்தொண்டர் பட்டத்திற்குரிய தேர்வில், ஆயர் நற்செய்தி நூலைத் திறந்து ஒரு பகுதியைக் காட்டி விளக்குக என்றனராம். அவருக்கு விளக்கத் தெரிந்த பகுதி அஃதொன்றே. குருப்பட்டத் தேர்விலோ, முன்னின்றோர் சிலர் நன்கு விடை பகர்ந்தமையால், எஞ்சியோரும் அத்தகையரே எனக் கருதி, அவரை வினவாமலே ஆயர் தேர்ச்சி வழங்கினராம். 1663-இல் உயிர் நீத்த அவர்க்கு 1767-இற் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

கேட்டு நகைத்தோம். "படியாமல் தேறியவரையா படிக்கிறவன் துணை கொள்வது?" என்றோம். நகையோடு நின்றோமுமல்லோம். யாம் சீர்திருத்தச் சபையிற் பிறந்து வளர்ந்தவர். ஆதலின், கடவுளுக்கும் மனிதர்க்கும் இடையே நடுவர் ஒருவரே, அவர் இயேசு கிறிஸ்துவே எனப் பவுலடிகள் தீமோத்தேயுவுக்கு எழுதியதை எடுத்துக்காட்டி, வேறு நடுவரைத் தேடுதல் பிழையன்றோ எனக் கடாவினோம். அவன் மறுமொழி கூறாது நூலைத் திறந்து படிக்கத் தொடங்கினான்.

சின்னாட் கழிந்தன. எம் அன்னையார்க்கு அறுவை மருத்துவம் செய்தல் வேண்டுமென வீட்டிலிருந்து செய்தி வந்தது. அன்றிரவு உறக்கம் வரவில்லை. விளக்கை அணைத்த பின்னர் நண்பனை அழைத்து, "அம்மாவுக்காக வேண்டிக்கொள்" என்றோம். "கட்டாயம் வேண்டிக்கொள்கிறேன்" என்றான். சிறிது பொழுது கழித்து, "ஒன்று கேட்கட்டுமா? நடுவர் ஒருவரே என்றாயே. பின் என்னை ஏன் இடையில் நிறுத்துகிறாய்?" என்றான். அவன் குரலில் ஏளனம் சிறிதும் இல்லை. அறிய வேண்டியே கேட்டான். எமக்கு விடை தோன்றவில்லை. இறைவன் அருளால் அன்னையார் நலமெய்தினார். ஆயின் அவ்வினா எம்மை விட்டு நீங்கவில்லை. அதனை ஆராய்ந்து யாம் கண்டவற்றையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முதற்கண், வேண்டுமாறு கேட்டல் வேறு, வழிபடுதல் வேறு என்பதை உணர்தல் வேண்டும். இவ்விரண்டும் மயங்குதற்கு நம் மொழி வழக்கும் ஒரு காரணம் போலும். பெற்றோர்க்கும் வணக்கம், ஆசிரியர்க்கும் வணக்கம், இறைவனுக்கும் வணக்கம் என ஒரு சொல்லையே மூவிடத்தும் வழங்குகின்றோம். 787-இல் நிசேயாவிற் கூடிய பொதுச்சங்கம், கடவுளொருவர்க்கே உரிய ஆராதனை வேறு, திருவுருவங்கட்குச் செய்யும் மதிப்பு வேறு என வரையறுத்தது. தமிழ்க் கத்தோலிக்கரும் இறைவனுக்கு ஆராதனை எனவும், புனிதர்க்கு வணக்கம் எனவும் பிரித்தே கூறுவர். சொல்லளவில் அமைந்த இவ்வேறுபாட்டை நெஞ்சளவிற் காத்தல் அவர் கடன். அதனை அறியாது பழித்தலொழிதல் நம் கடன்.

தொல்காப்பியனார் இரத்தற்சொற்களை மூன்றாக வகுத்தமை தமிழ் கற்பார் அறிவர். 'ஈ' என்பது தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் இரக்குஞ் சொல்; 'தா' என்பது ஒத்தோன் ஒத்தோனிடம் கேட்குஞ் சொல்; 'கொடு' என்பது உயர்ந்தோன் தன்னிற் றாழ்ந்தோனிடம் கேட்குஞ் சொல். இறைவனை நோக்கி நாம் கூறத்தக்கது 'ஈ' ஒன்றே. புனிதர் மன்றாட்டு மாலையை ஊன்றிக் கேட்பின், புனிதரிடம் இம்மூன்றனுள் ஒன்றும் சொல்லப்படாமை புலனாகும். இறைவனிடத்தே இரக்கத்தை இரக்கின்றவர், புனிதர் பெயரைக் கூறுமிடத்து, எமக்காக நீரும் வேண்டுக என்றே கேட்கின்றனர். கொடுப்பவன் ஒருவனே, கேட்பவர் கூட்டமே பெரிதாகின்றது.

கூட்டமாய்க் கேட்டல் நடுவரொருவர்க்கு இழுக்காகுமோ? ஆகாது. யாம் எடுத்துக்காட்டிய அதே அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து படித்தபொழுது நாணினோம். நடுவர் ஒருவரே என உரைக்கு முன்னரே, எல்லா மனிதர்க்காகவும் விண்ணப்பமும் பரிந்துரையும் செய்யப்பட வேண்டும் எனப் பவுலடிகள் பணிக்கின்றார். உரோமையர்க்கு எழுதிய திருமுகத்திலோ, தமக்காக வேண்டிப் போராடுமாறு அவரே கெஞ்சிக் கேட்கின்றார். ஒருவருக்காக ஒருவர் வேண்டுக என யாக்கோபு எழுதினார். ஆகவே நண்பனை யாம் கேட்டதும் தவறன்று. நண்பன் புனிதரைக் கேட்டதில் 'நடுவர்' என்னும் தடையை யாம் இட்டதே தவறு.

அங்ஙனமாயின் எஞ்சி நிற்கும் தடை ஒன்றே. நண்பன் உயிரோடிருக்கின்றான், புனிதரோ இறந்தவர். இறந்தார் கேட்பரோ? சீர்திருத்தச் சபைகளின் மறுப்பு இவ்விடத்தே வலியுடையது. இறந்த அடியாரை விளித்து வேண்டுமாறு திருமறையில் கட்டளையில்லை என்பர் அவர். 1530-இல் வெளிவந்த ஆக்ஸ்பர்க்கு விசுவாச அறிக்கையின் 21-ஆம் பிரிவு இதனையே கூறுகின்றது. மற்றைச் சாராரோ, ஆபிரகாமின் கடவுள் இறந்தோரின் கடவுளல்லர், வாழ்வோரின் கடவுளே எனப் பெருமான் கூறியதையும், யோவான் கண்ட காட்சியில் மூப்பர்கள் அடியாருடைய வேண்டுதல்களைப் பொற்கிண்ணங்களில் ஏந்தி நின்றதையும் காட்டுவர். உரோமை நகரின் புறத்தே, அப்பியா நெடுஞ்சாலையில் உள்ள செபஸ்தியார் நிலவறைக் கல்லறையிலே, மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர் சுவரிற் கீறிய எழுத்துக்கள் இன்றும் உள்ளன. பேதுருவையும் பவுலையும் பெயர் சொல்லி அழைத்துத் தம்மவரை நினையுமாறு கேட்பன அவை. அக்காலத்துக் கிறிஸ்தவர்க்கு அரசின் துணையில்லை. ஆதலின் அவ்வெழுத்தைக் கீறிய கை ஊதியம் கருதியதென யாம் எண்ணவில்லை.

எம் கருத்து இது: புனிதர் நம்மைக் கேட்பது தம் செவியின் ஆற்றலாலன்று, கேட்பராயின், தாம் எவரில் வாழ்கின்றனரோ அவரால் கேட்பர். ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்பொழுது, பரிசுத்தவான்களுடைய ஐக்கியத்தை நம்புவதாக நாமும் அறிக்கையிடுகின்றோம். சாவு அவ்வைக்கியத்தை அறுக்குமெனின், நாம் நம்புவதாகச் சொல்லும் உயிர்த்தெழுதல்தான் யாது? அறுக்காதெனின், அவர்பால் ஒரு சொல் சொல்பவனைச் சிலை வணங்கி எனல் தகுமோ? கட்டளையில்லாமையால் யாம் கேளாதிருக்கலாம். கேட்பவனைப் பழித்தற்கும் கட்டளையில்லை.

இனி, பாதுகாவலர் என்னும் வழக்கைச் சிறிது நோக்குவோம். பல்வலிக்கு ஒருவர், கொள்ளை நோய்க்கு ஒருவர், தொலைந்த பொருட்கு ஒருவர் என்பது அரசுத் திணைக்களங்கள்போலத் தோன்றி நகை விளைக்கும். அவரவர் வாழ்வை அறிந்தபின் நகை அடங்கும். 249-இல் அலெக்சாந்திரியாவில் உயிர்ப்பலியான அப்பொலோனியா பற்கள் உடைக்கப்பட்டுத் துன்புற்றவர். அதனால் பல்வலியுற்றார் அவரை நினைத்தனர். 1231-இல் இறந்த பதுவை அந்தோனியார், தம் சங்கீத நூலை ஒருவன் கவர்ந்து செல்லப் பெரிதும் வருந்தி மீளப்பெற்றவர் என்பர். அதனால் பொருளிழந்தார் அவரை அழைத்தனர். பட்டவர்க்கே பாடு தெரியும். இந்நெறியால் நோக்குமிடத்து, கூப்பர்த்தீனோ சூசை தேர்வெழுதுவோர்க்குத் துணையானது அறிவால் அன்று. வினாத்தாள் கைக்கு வருமுன் நெஞ்சு துடிக்கும் துடிப்பை அவர் அறிந்தவர் என்பதாலேயே. யாம் நகைத்தற்குக் காரணமாயிருந்த குறையே அவரை எம்மனோர்க்கு அணுக்கராக்குகின்றது!

ஆயினும் அணுக்கம் வாணிகமாதல் எளிது. காணிக்கை இவ்வளவு, கைம்மாறு இன்னது எனப் பேரம் பேசுவோரும், "அந்தோனியார் தந்தார்" என்றல்லது இறைவன் பெயரை எடுக்காதோரும் உளர். அங்கே 'ஈ' என்னுஞ் சொல் இடம் மாறிவிட்டது. 1505-இல் இடிமின்னலுக்கு அஞ்சி அன்னம்மாளை விளித்துத் துறவு பூணுவதாக நேர்ந்துகொண்ட லூத்தரே, பின்னர் இவ்வழக்கை எதிர்த்தெழுந்தார் என்றால், அவர் கண்ட கேடு சிறிதன்று. 1563-இல் திரெந்துப் பொதுச்சங்கம், புனிதரை மன்றாடுதல் நன்றென உறுதி செய்த அதே ஆணையில், மூடவழக்கமும் இழிந்த பொருளாசையும் களையப்பட வேண்டுமென்றும் விதித்தது. மறுபுறம் ஆக்ஸ்பர்க்கு அறிக்கையோ, புனிதரை மறக்கச் சொல்லவில்லை. அவர்தம் நம்பிக்கையையும் நற்செயலையும் பின்பற்றுமாறு நினைவுகூரலாமென்றே கூறிற்று. இரு திறத்தாரும் உடன்படும் இடம் இதுவன்றோ? புனிதரை நினைப்பவன் அவர் வழி நடத்தல் வேண்டும்.

அங்ஙனம் நடத்தல் எளிதோ என்பதற்கு நம் நாட்டுப் புனிதரொருவரையே சான்றாகக் கொள்வோம். தேவசகாயம் 1712-இல் நட்டாலத்திற் பிறந்தார்; நீலகண்டன் என்பது பெற்றோரிட்ட பெயர். திருவிதாங்கூர் அரண்மனைப் பணியிலிருந்த அவர், குளச்சற் போரிற் சிறைப்பட்டுப் பின் அவ்வரசின் படைத்தலைவரான டிலனாய் என்பவரால் கிறிஸ்துவை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். துறவியல்லர், குருவல்லர், மனைவியோடு வாழ்ந்தவர். சாதி வேறுபாடு பாராது யாவரோடும் பழகி, மக்கள் யாவரும் சமம் என வற்புறுத்தினார்; உயர்ந்தோர் எனப்பட்டாரின் பகை வளர்ந்தது. மூன்றாண்டு சிறைத்துன்பம் உழந்து, 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் கோயிலில் அவர் உடல் அடக்கஞ்செய்யப்பட்டது. 2022 மே 15-இல் உரோமையிற் புனிதர் பட்டம் அளிக்கப்பெற்றபொழுது, அவர் பெயரோடு வழங்கிய சாதிப்பெயர் விடப்பட்டது.

அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தின் பிற்கால வரலாறு நம் நெஞ்சைச் சுடுகின்றது. சமம் என முழங்கியவர் மறுபிறப்பெய்திய அவ்வூர்க் கோயிலுள்ளேயே, ஒரு சாதியார் மற்றொரு சாதியாரோடு கலவாதிருக்கச் சுவர் எழுந்தது; அது 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அவ்வூர்க்கு மட்டுமே உரிய குற்றமெனக் கருதி எம் சபையார் மகிழ்தல் வேண்டா. புனிதரை விளியாத எம் சபைகளிலும், சபைத்தேர்தல் வரும்பொழுதும் மணம் பேசும்பொழுதும் கண்ணுக்குப் புலனாகாச் சுவர்கள் எழுகின்றன. "தேவசகாயமே, எமக்காக வேண்டிக்கொள்ளும்" எனச் சாதி பார்ப்பவனொருவன் கேட்பானாயின், அவர் அவனுக்காக என்ன வேண்டுவார்? அவனது நோய் நீங்கவும் வேண்டுவார். அச்சுவர் இடியவும் வேண்டுவார். அவ்விரண்டாம் வேண்டுதலுக்கு 'ஆமென்' சொல்ல அஞ்சுபவன் முதலாவதைக் கேளாதிருத்தலே நேர்மை. புனிதரிடம் துணை கேட்டலின் ஆபத்து, அவர் கேளாமற் போவதன்று, கேட்டுவிடுவதே.

எம்மவர்க்கும் ஒரு சொல். சென்னைக் கோட்டையில் 1680-இல் நிலைபெற்ற ஆங்கிலேயர் கோயில் மரியாளின் பெயர் தாங்கியது. அந்நகரின் பேராலயம் ஜார்ஜின் பெயரது. நம் பள்ளிகளும் ஊர்களும் யோவான், பவுல், தோமா என அடியார் பெயரே சூடி நிற்கின்றன. பெயரைச் சுவரில் எழுதிவிட்டு அப்பெயரினர் வாழ்வை அறியாதிருத்தல், படத்தை மாட்டிவிட்டுப் பின்பற்றாதிருத்தலினும் சிறந்ததாகுமோ? நவம்பர் முதல் நாள் வரும் சகல பரிசுத்தவான்கள் திருநாளை வெறும் நாட்குறிப்பாக விடாது, ஆண்டுக்கொரு புனிதர் வரலாற்றையேனும் ஓதுவோமாயின், விடுதியறைகளில் வீண் வாதம் குறையும்; வாழ்வு வளரும்.

இவ்வாண்டும் தேர்வு வருகின்றது. நண்பனுடைய மேசைமேல் அப்படம் மீண்டும் ஏறியுள்ளது. யாம் அதன்முன் முழந்தாளிட்டோம் எனின் பொய்யாம். பழகாத நாவுக்கு அச்சொல் இன்னும் எழவில்லை. ஆயின், நண்பன் மன்றாடும்பொழுது நூலை மூடி வாய்மூடியிருக்கக் கற்றோம். நேற்றிரவு அவன், "உன் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்" என்றான். "நன்று" என்றோம். அச்சொல்லை மனமுவந்தே கூறினோம்.